புற்றுக்காளான்: வேர்வரை பார்த்து எடுப்பதும் வீட்டில் சமைப்பதும்

மழைக்காலத்தில் காட்டிலும் தோட்டத்திலும் முளைக்கும் காளான்களில் எவற்றைத் தின்னலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பட்டியலைக் கொடுப்பது ஆபத்தான உதவி. பத்துக் காளான்களை அரைகுறையாக அறிந்தவரைவிட, ஒரே ஒரு காளானைத் தலை முதல் வேர் வரை ஐயமில்லாமல் அறிந்தவரே நிம்மதியாகச் சாப்பிட முடியும். ஆகவே இந்த வழிகாட்டி, தமிழ்நாட்டில் தலைமுறைகளாகச் சமைத்து உண்ணப்பட்டு வரும் புற்றுக்காளானை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதன் தம்பியான அரிசிக்காளானைப் பற்றியும் இடையில் சிறிது சொல்லப்படும். இதைப் படித்தது ஒன்றையே நம்பி எவரும் காளான் பறிக்கப் போக வேண்டாம். இந்தக் காளானை ஆண்டுதோறும் எடுத்துச் சமைக்கும் ஒருவருடன் முதல் ஒன்றிரண்டு பருவங்கள் கூடவே நடந்து பழக வேண்டும். அந்த நடையில் எதை எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் எழுத்தால் சொல்ல முடியும்.

புற்றுக்குள் நடக்கும் வேளாண்மை

புற்றுக்காளானை அறிவியலார் டெர்மிட்டோமைசிஸ் என்னும் பேரினத்தில் வைக்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம் 1942 இல் இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டார். கறையான்கள் இதை மண்ணுக்கடியில் பயிர் செய்கின்றன. வேலைக்காரக் கறையான்கள் காய்ந்த இலை, சுள்ளி, மரத்தூள் ஆகியவற்றைத் தின்று, அவற்றின் எச்சத்தைக் கொண்டு துளைகள் நிறைந்த பழுப்பு நிறக் கூடு ஒன்றைப் புற்றின் அறைகளுக்குள் கட்டுகின்றன. அந்தக் கூட்டில் பூஞ்சை இழைகள் படர்ந்து, கறையானால் தானாகச் செரிக்க இயலாத மரச்சத்தைச் சிதைத்துக் கொடுக்கின்றன. கறையான்களுக்கு உணவும் அங்கேயே விளைகிறது. இந்த உறவு ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

நல்ல மழை பெய்து மண் ஆழம்வரை நனைந்த பிறகு, அந்தக் கூட்டிலிருந்து காளான் மேல்நோக்கிக் கிளம்புகிறது. கூடு ஒரு முழ ஆழத்தில் இருந்தால் காளானின் அடித்தண்டும் ஒரு முழம் நீளும்; அதைவிட ஆழம் என்றால் இன்னும் நீளும். இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு வர வேண்டியிருப்பதால் அதன் குடையின் உச்சியில் கெட்டியான கூர்ப்பு ஒன்று அமைந்திருக்கிறது. நாம் அடையாளம் காண்பதற்கு நம்பும் இரண்டு முக்கியமான குறிகளும், அதாவது உச்சிக் கூர்ப்பும் நீண்ட வேரும், இந்தக் காரணத்தால் ஏற்பட்டவையே. கறையானில்லாமல் இதைப் பண்ணையில் வணிக அளவில் வளர்க்க இன்றுவரை முடியவில்லை என்பதும் இதனால்தான். கடையில் கிடைக்கும் சிப்பிக்காளானும் பால்காளானும் வேறு பேரினங்களைச் சேர்ந்தவை.

எப்போது, எங்கே

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இடியோடு வரும் கனமழையும் அதைத் தொடர்ந்து வரும் புழுக்கமும்தான் காரணம் என்று கொண்டால் அந்தப் பேச்சு நடைமுறைக்குப் பொருந்தியே வருகிறது. குமரி, தென்காசிப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழையின்போதும், உள் மாவட்டங்களில் புரட்டாசி, ஐப்பசி மழைகளின்போதும், சில ஆண்டுகளில் கோடை மழைக்குப் பின்னும் இவை தலைகாட்டும். உயர்ந்த புற்று கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வேலியோரம், வரப்பு, தென்னந்தோப்பின் ஓரம், நெடுங்காலமாக உழப்படாத மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் அடியில் மேட்டுத் தடயமே இல்லாமல் கறையான் குடியிருப்பு இருப்பதுண்டு. குடியிருப்பு உயிரோடு இருக்கும்வரை அநேகமாக அதே இடத்தில் ஆண்டுதோறும் முளைப்பதால், பழகிய குடும்பங்கள் அந்த இடத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக்கூடச் சொல்வதில்லை. அதில் தவறு காண்பதற்கும் ஒன்றுமில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று தடைகளை மதிக்க வேண்டும். முதலாவது சட்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் அங்குள்ள பொருள்களை எடுப்பதும் 1882 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடியினருக்கும் வழிவழியாகக் காட்டில் வாழ்வோருக்கும் வழங்குகிறதே தவிர, விடுமுறைக்கு மலையேறி வருபவர்களுக்கு அல்ல. ஆகவே சொந்த நிலத்தில் எடுங்கள். இல்லையெனில் நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு எடுங்கள். இரண்டாவது மருந்து. கறையானை ஒழிக்க மண்ணில் பூச்சிமருந்து ஊற்றிய தோப்பிலும், களைக்கொல்லி அடித்த வரப்பிலும், வாகனப் புகையும் கழிவும் படியும் சாலையோரத்திலும் முளைத்ததைத் தொடாதீர்கள். காளான் தான் நிற்கும் மண்ணில் உள்ளதை எளிதில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. மூன்றாவது, மஞ்சள் குங்குமம் இட்டு வழிபடப்படும் புற்று. அதைச் சுற்றிக் கிளறுவது ஊரில் வீண் வருத்தத்தை உண்டாக்கும் என்பதோடு, காளான் கிடைக்க வேறு இடங்கள் இல்லாமலும் இல்லை.

விடியற்காலையில் போவதுதான் நல்லது. முதல் நாள் மாலை மண்ணில் வெடிப்பு விட்டுக் கூர்நுனி மட்டும் தெரிந்தவை, மறுநாள் காலை மொக்காக எழும்பி நிற்கும்; வெயில் ஏறியதும் குடை விரிந்துவிடும்; அதற்கடுத்த நாள் உள்ளே புழு வைத்துவிடும். பாதி விரிந்த நிலையில் இருப்பவை சமையலுக்கும் அடையாளத்துக்கும் ஏற்றவை. முழங்காலுக்குக் கீழே மறைக்கும் காலணி, கைவிளக்கு, மண்ணைக் கிளற ஒரு கம்பி, பனையோலைப் பெட்டி அல்லது மூங்கில் கூடை ஆகியவை போதும். பாம்பு புற்றுக்குள் தங்குவது வெறும் கதை அல்ல என்பதால் புற்றுக்கண் அருகே கையை விடுவதற்கு முன் கம்பியால் தட்டிப் பாருங்கள். நெகிழிப் பையில் காளானைப் போட்டால் வீடு வந்து சேர்வதற்குள் வியர்த்துக் குழைந்துவிடும்.

வேரைப் பாராமல் பறிக்கக்கூடாது

காளான் பறிப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, குடையை மட்டும் கிள்ளி எடுப்பதிலிருந்து தொடங்குகின்றன. நஞ்சுள்ள காளானைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் மண்ணுக்குள் இருக்கும்போது, மேலே தெரிவதைப் பார்த்து முடிவு செய்கிறோம். கொங்குப் பகுதியில் எங்கள் அம்மாயி, பேரப்பிள்ளைகள் ஆசையோடு பறித்துக்கொண்டு வரும் காளான்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார். "குடையக் காட்டாத சாமி, வேரக் காட்டு" என்பார். வேர் இல்லையென்றால் அவ்வளவுதான், குப்பைமேட்டுக்குப் போக வேண்டியதே. அவர் தாமே எடுக்கும்போது, காளானைச் சுற்றி ஒரு சாண் தள்ளிக் கம்பியைச் செருகி மண்ணை மெல்ல நெம்பி, தளர்ந்த மண்ணை விரலால் வாரி ஒதுக்கி, தண்டு சன்னமாகிக் கறுத்துக் கீழே இறங்குவதைக் கண்ணால் கண்ட பிறகே மேலே இழுப்பார். ஒரு கூட்டத்தில் மூன்று நான்கை இவ்வாறு தோண்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மற்றவற்றை மண்மட்டத்தில் அறுத்துக்கொள்வார். ஆனால் அறுத்த ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தே பெட்டியில் வைப்பார். ஒரே கூட்டத்துக்குள் வேறொரு காளான் கலந்து நிற்க முடியும்.

பார்க்க வேண்டியவற்றை மேலிருந்து கீழாகச் சொல்கிறேன். குடையின் நடுவில் கெட்டியான, கூர்மையான குமிழ் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்திலும், அதைச் சுற்றிய பரப்பு வெளிறியும் இருக்கும். விரியும்போது குடையின் ஓரம் ஆரம் ஆரமாகக் கிழியும். குடையைத் திருப்பினால், அடியில் உள்ள செதில்கள் நெருக்கமாகவும் வெண்மையாகவும், தண்டைத் தொடாமலும் நிற்கும். முதிர முதிர அவற்றில் இளஞ்சிவப்புச் சாயல் ஏறும். தண்டு உள்ளே கூடாக இல்லாமல் நாராகக் கெட்டியாக இருக்கும். மண்மட்டத்துக்குக் கீழே தண்டு படிப்படியாக மெலிந்து நீண்ட வேராக இறங்க வேண்டும். தண்டின் அடி உருண்டையாகப் பருத்தோ, முட்டை ஓடு உடைந்தது போன்ற பை ஒன்றுக்குள் செருகியோ இருந்தால், மற்ற எல்லாக் குறிகளும் பொருந்தினாலும் அதை விட்டுவிட வேண்டும். அந்தப் பைதான் உயிரைக் கொல்லும் அமானிட்டா இனங்களின் முத்திரை.

தண்டில் வளையம் பற்றி ஒரு சிக்கல் உண்டு. புற்றுக்காளான் வகைகள் பலவற்றில் வளையம் கிடையாது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979 இல் தென்னிந்தியாவிலிருந்து விவரித்த டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்னும் வகையில் தெளிவான வளையம் இருக்கிறது, அதுவும் உண்ணத்தக்கதே. நஞ்சுள்ள காளான்களில் பலவற்றுக்கும் வளையம் உண்டு. புதிதாகக் கற்பவர், வளையம் உள்ள எதையும் முதல் சில ஆண்டுகளுக்கு எடுக்காமலிருப்பதே என் கருத்தில் சரியான வழி. சில நல்ல காளான்கள் கைவிட்டுப் போகும், போகட்டும்.

இந்தக் குறிகளெல்லாம் சரியாக இருந்த பின்னும் வித்துப்பொடியின் நிறத்தைப் பார்க்க வேண்டும். விரிந்த குடை ஒன்றின் தண்டை ஒட்ட அறுத்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மேல் செதில்கள் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். தாளின் மேல் படிந்திருக்கும் பொடி புற்றுக்காளானுக்கு வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். அமானிட்டாவுக்கு அது வெள்ளை. பச்சையாக இருந்தால் அது குளோரோபில்லம் மோலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக்காளான். பொடி படியும்வரை மற்ற காளான்களைத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். இளஞ்சிவப்பு வந்தது ஒன்றே சான்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். என்டோலோமா என்னும் பேரினத்துக் காளான்களுக்கும் இளஞ்சிவப்புப் பொடிதான். அவற்றில் நஞ்சுள்ளவை உண்டு. ஆனால் அவற்றுக்குப் புற்றில் இறங்கும் வேர் இருக்காது, செதில்கள் தண்டோடு ஒட்டியிருக்கும். இடம், குமிழ், செதில், தண்டு, வேர், பொடி ஆகிய ஆறும் ஒரே விடையைச் சொல்ல வேண்டும். ஐந்து சொல்லி ஒன்று மறுத்தாலும் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஏமாற்றுபவை

மேலே சொன்ன பச்சைப்பொடிக் காளான் நம் ஊர்ப் புல்தரைகளிலும், எருக்குழி ஓரங்களிலும், பள்ளி மைதானங்களிலும் பெரிய வெள்ளைக் குடைகளாக, சில இடங்களில் வட்டமாக வரிசை கட்டி முளைக்கிறது. குடையின் மேல் பழுப்புச் செதில் ஒட்டுகள் இருக்கும். தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம் இருக்கும். இளம் பருவத்தில் அடிச்செதில்கள் தூய வெண்மையாக இருப்பதால்தான் ஆள் ஏமாறுகிறார்; முதிர்ந்த பிறகே பச்சை தெரியும். தின்ற ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். உயிர் போவது அரிது என்றாலும், நீரிழப்பால் குழந்தைகளும் முதியவர்களும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை ஏற்படும்.

அமானிட்டாவின் கதை வேறு. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளானைச் சமைத்து உண்ட பதின்மூன்று பேர் சில நாள்களுக்குள் இறந்தார்கள். பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சில அமானிட்டா இனங்களில் உள்ள அமாடாக்சின் என்னும் நஞ்சு கொதித்தாலும், வறுத்தாலும், உலர்த்தினாலும் அழிவதில்லை. நம்முடைய நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பைன் மரங்களின் அடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளிகளோடு நிற்கும் அழகிய காளானும் ஓர் அமானிட்டாவே. அதன் நஞ்சு வேறு வகை. மழையில் புள்ளிகள் கழுவப்பட்டால் அடையாளமும் மாறிவிடும். மலையில் மர வேர்களை ஒட்டி முளைக்கும் எதையும் இந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு எடுக்கக்கூடாது. வைக்கோல் போரில் முளைக்கும் வைக்கோல் காளானும் உண்ணத்தக்கதுதான். ஆனால் அதற்கும் அடியில் பை உண்டு என்பதால் புதியவர் அதைக் காட்டில் தேடாமல் பண்ணையில் வாங்குவதே நல்லது.

வீட்டுப் பரிசோதனைகள் என்று சொல்லப்படுபவை ஒன்றுகூட உதவாது. வெள்ளிக்காசு கறுக்கும் என்பதும், பூண்டோ அரிசியோ நிறம் மாறும் என்பதும், மஞ்சளும் உப்பும் போட்டால் நஞ்சு முறியும் என்பதும் பொய். நத்தையும் புழுவும் தின்றது மனிதனுக்கும் ஆகும் என்பது இன்னும் பெரிய பொய். புற்றின் மேல் முளைத்ததெல்லாம் நல்லது என்பதும் பாதி உண்மைதான், ஏனென்றால் புற்றின் ஓரத்துப் புல்லிலோ மட்கிய மரத்திலோ வேறு காளான்கள் முளைப்பதை எதுவும் தடுக்கவில்லை. சிறிதளவு தின்று பார்த்து ஒன்றும் ஆகவில்லையென்றால் நல்லது என்பார்கள். அமாடாக்சின் உள்ள அமானிட்டாவைத் தின்றவருக்குப் பெரும்பாலும் முதல் ஆறு மணி நேரமாவது ஒன்றும் தெரியாது என்பதே இதற்கு விடை.

அரிசிக்காளான் புற்றுக்காளானின் மிகச் சிறிய இனம். குடை ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாது. கறையான்கள் தம் கூட்டின் துணுக்குகளை மண்ணின் மேல் கொண்டுவந்து கொட்டும் இடங்களில், அரிசியை இறைத்தது போல் நூற்றுக்கணக்கில் முளைக்கும். இதற்கு நீண்ட வேர் இல்லாததால் முக்கியமான சான்றே இல்லாமல் போகிறது. சிறிய வெள்ளைக் காளான்களில் மஸ்கரின் என்னும் நஞ்சுள்ளவையும் உண்டு. ஆகவே பழகியவர் பக்கத்தில் நின்று காட்டினாலன்றி இதை எடுக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் சாலையோரத்தில் காளான் விற்பவர்களிடம் வாங்குவோரும் இதே முறையைக் கடைப்பிடிக்கலாம். வேரோடு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். "எங்கே எடுத்தீங்க, அண்ணே?" என்று விசாரித்தால், உண்மையாக எடுத்தவர் மழையையும் மண்ணையும் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டார். குடைகள் நொறுங்கிக் கலந்து கிடக்கும் குவியலை விலை மலிவு என்று அள்ள வேண்டாம்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்

சமைக்கப்போகும் காளானில் இரண்டை முழுதாக, வேரோடு, தாளில் சுற்றித் தனியே குளிர்பெட்டியில் எடுத்து வையுங்கள். சாப்பிட்டு மூன்று நாள் ஆகும்வரை எறிய வேண்டாம். யாருக்காவது உடல்நலம் கெட்டால் மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள சான்று வேறு இல்லை. முதன்முறை உண்பவர்கள் நன்றாக வெந்ததை ஒரு கரண்டி அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நல்ல காளானும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதற்காகத்தான் இந்த எச்சரிக்கை. இனம் தெரியாத காளானை இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம் என்று பொருளல்ல. சிறு குழந்தைகளுக்கும் கருவுற்றிருப்பவர்களுக்கும் காட்டுக்காளானைக் கொடுக்காதீர்கள். பச்சையாகத் தின்னவே கூடாது.

வாந்தி, வயிற்றுவலி, மயக்கம், அளவுக்கு மீறிய வியர்வை என எது வந்தாலும் 108 ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். சாப்பிட்ட நேரத்தையும் தொல்லை தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொண்டு, எடுத்து வைத்த காளானையும் கொண்டுசெல்லுங்கள். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்தியே அதிகம் அஞ்ச வேண்டியது. அமாடாக்சின் நஞ்சில் வயிற்றுப்போக்கு நின்று ஒரு நாள் நலமாக இருப்பது போல் தோன்றும். அந்த நேரத்தில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். ஆகவே தேறிவிட்டார் என்று வீடு திரும்பிவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அதே குழம்பை உண்டு நலமாக இருப்பவர்களும் கூடவே போக வேண்டும்.

சுத்தம் செய்வதும் சமைப்பதும்

வேரின் கறுத்த தோலைக் கத்தியால் சுரண்டி, மண் ஏறிய அடிப்பகுதியை நறுக்கி எறிந்துவிடுங்கள். குடையை ஈரத் துணியால் துடைத்து, ஓடும் தண்ணீரில் விரைவாக அலசுங்கள். செதில்களுக்கிடையில் சிறு பூச்சிகள் இருந்தால் உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டால் மிதந்து வரும். அதற்கு மேல் ஊறவிட்டால் காளான் தண்ணீரைக் குடித்து வாசனையை இழக்கும். தண்டைப் பிளந்து பார்த்துப் புழு ஓடிய துளைகள் இருந்தால் அந்தத் துண்டை ஒதுக்குங்கள். பிறகு கத்தியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே நீளவாக்கில் கிழியுங்கள். நாராகப் பிரியும் தண்டு மசாலாவை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போகத் தொடங்கிய நல்ல காளானும் வயிற்றைக் கெடுக்கும் என்பதால் எடுத்த அன்றே சமைப்பது முறை.

இதன் சுவைக்கு மிளகுப் பிரட்டலே பொருத்தம் என்பது என் துணிபு. கால் கிலோ காளானுக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயை இரும்புச் சட்டியில் காயவைத்து, அரைக் கரண்டி சீரகமும் இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலையும் தாளித்து, பொடியாக நறுக்கிய பதினைந்து சின்ன வெங்காயத்தையும் தட்டிய ஐந்து பல் பூண்டையும் வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் காளானைப் போட்டுக் கால் கரண்டி மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துப் பெருந்தீயில் புரட்டுங்கள். இரண்டொரு நிமிடத்தில் காளான் சாறு விடத் தொடங்கும். சட்டியில் குழம்பு ஊற்றியது போல் தண்ணீர் நிற்கும். இந்த இடத்தில் பொறுமை இழந்து மசாலாவைக் கொட்டிவிடுபவர்கள்தான் வழவழவென்ற பிரட்டலைச் செய்கிறார்கள். தண்ணீரும் வெளியே ஊற்றப்படக்கூடாது, சுவை முழுவதும் அதில்தான் இருக்கிறது. மூடாமல், தீயைக் குறைக்காமல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விட்டால், சாறு வற்றி, கொதிக்கும் சத்தம் மாறி, எண்ணெயில் பொரியும் சத்தம் கேட்கும். அப்போது தீயைத் தணித்து, கரகரப்பாகப் பொடித்த ஒன்றரைக் கரண்டி மிளகையும் சிறிது பெருஞ்சீரகப் பொடியையும் தூவி, ஓரங்கள் சிவக்கும்வரை இன்னும் ஐந்து நிமிடம் பிரட்டுங்கள். தக்காளி வேண்டாம், அதன் புளிப்பு இந்தக் காளானின் மண்மணத்தை மறைத்துவிடும். கரம் மசாலாவும் அவ்வாறே. சூடான சோற்றில் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு இதோடு பிசைந்து சாப்பிடலாம்.

கூட்டம் அதிகமுள்ள வீட்டுக்குக் குழம்புதான் கட்டுப்படியாகும். இரண்டு கரண்டி மல்லி, ஐந்து வறமிளகாய், அரைக் கரண்டி மிளகு, சிறிது சீரகம் ஆகியவற்றை வாசம் வர வறுத்து, எட்டுச் சின்ன வெங்காயத்தையும் அரைமூடித் தேங்காய்த் துருவலையும் வதக்கிச் சேர்த்து மைய அரைத்துக்கொள்ளுங்கள். காளானை முன்போலவே வெங்காயத்தோடு வதக்கிச் சாறு பாதி வற்றியதும் அரைத்த விழுதையும் இரண்டு தம்ளர் தண்ணீரையும் ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கும்வரை இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். களிக்கும் தோசைக்கும் இது நன்றாகச் சேரும். இந்த இரண்டையும் பருவம் இல்லாத நாள்களில் பால்காளானில் செய்து கைப்பக்குவத்தைப் பழகிக்கொள்ளலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் பரவிய அந்தக் காளான், தண்டின் கெட்டித்தன்மையில் ஓரளவு புற்றுக்காளானை நினைவூட்டும். மணம் மட்டும் வராது.

பழகியவர் எடுத்துக் கொடுத்த அரிசிக்காளான் கிடைத்தால், அதைப் பிரட்டலுக்குப் பயன்படுத்தாமல் மிளகு ரசமாக வையுங்கள். மண்ணை நீக்குவதற்கே பாதிப் பொழுது போகும். தண்ணீரில் போட்டு மண் அடியில் தங்கவிட்டு, மேலாக அரித்தெடுப்பதை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். பிறகு தட்டிய மிளகு, சீரகம், பூண்டோடு கால்மணி நேரம் கொதிக்கவைத்து, நெய்யில் வறமிளகாய் தாளித்துக் கொட்டினால் போதும்.

ஒரே மழையில் கூடை நிறையக் கிடைத்துவிட்டால் மிஞ்சியதை உலர்த்தலாம். சுத்தம் செய்து கிழித்த காளானை ஊசிநூலில் கோத்தோ, முறத்தில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பியோ, கடும் வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். மாலையில் பனி இறங்கும் முன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். ஒடித்தால் படக்கென்று முறியும் பதம் வந்ததும் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் அடைத்து, எடுத்த இடத்தையும் நாளையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். மழைக்காலத்தில் வெயில் நம்பகமில்லாதது என்பதால், வானம் மூடியிருக்கும் நாளில் உலர்த்தத் தொடங்காமல், காளானைச் சாறு வற்ற வதக்கி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுவது மேல். உலர்ந்த காளானை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் குழம்பில் சேர்க்கலாம்; ஊறிய தண்ணீரை வடிகட்டிக் குழம்பிலேயே ஊற்றிவிடுங்கள், அடியில் தங்கும் மண்ணை மட்டும் விட்டுவிட்டு.